வேம்படியில் வைத்த பெரணி

ஐந்தாம் வகுப்பிலேயே எனக்கு இடுப்புவலி வந்துவிட்டது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காரணம் ஒரு பெரணிச் செடி. செடி சோளத்தட்டை கனம்கூட இருக்காது, அதை நட்டிருந்த சிமெண்ட் தொட்டிதான் கனம். இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது.

சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சித்தி, மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறிய குடும்பம். அதனால் சங்கரன்கோவில் அவளுக்குச் சொந்த ஊர்தான் என்று எல்லோரும் அவளுக்கு எடுத்துச் சொன்னார்கள். வெயில் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் அவள் அப்பா தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பெற்றவர்கள் திருப்பூரில் மகன் வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். கடைசியாக அந்தத் தோட்டத்து வீட்டுக்குப் போய்வந்தபோது, வாசல் பாறையிடுக்கில் இருந்த அந்தப் பெரணியைப் பெயர்த்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

நிழலும் ஈரமும் கேட்கிற செடி அது. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் பஞ்சம். குழாயில் வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணீர் வரும். சித்தி அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, தொட்டியைச் சுற்றி நனைத்த சாக்கைக் கட்டுவாள். நிழல் ஓரிடத்தில் நிற்காது, தொட்டிதான் அதன் பின்னால் அலைய வேண்டும். காலையில் வீட்டுக்கு மேற்கே, மத்தியானம் வேம்படி, சாயங்காலம் வீட்டுக்குக் கிழக்கே. மடியில் பீடி சுற்றும் தட்டோடு உட்கார்ந்துவிட்டால் சித்தியால் எழுந்திருக்க முடியாது. பின்தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டு மணிக்கு ஓடிவந்து தொட்டியை நகர்த்துவது என் தலையில் விழுந்தது.

"மனுசனுக்கே குடிக்கத் தண்ணியக் காணோம், இதுக்குச் சீராட்டு வேறயா" என்பாள் அம்மா. சித்தி சாக்கை நனைக்கப் போய்விடுவாள். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்: "இது பிழைச்சிட்டுன்னா நானும் இங்கன பிழைச்சுக்கிடுவேன், மக்கா."

சின்னப் பிள்ளையிடம் இப்படியெல்லாம் சொல்லக்கூடாது. நான் அப்படியே நம்பிவிட்டேன்.

பங்குனி மாதம். சுற்றிய பீடியைக் கடையில் போடச் சித்தி போயிருந்த ஒரு மத்தியானம், தொட்டியை வழக்கம்போல் வேம்படியில் வைத்துவிட்டு, ரசஞ்சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அண்ணாந்து பார்க்கவில்லை. வேம்பு இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நின்றது. தினமும் அந்தச் சருகைப் பெருக்கித் தள்ளியவளே நான்தான். இருந்தும் வேம்படி என்றால் நிழல் என்று என் கால் பழகியிருந்தது.

சாயங்காலம் செடி பொரித்த வத்தல் மாதிரி சுருண்டு கிடந்தது. சித்தி தொட்டுப் பார்த்தாள், திட்டவில்லை. நடுவில் இன்னும் விரியாத குருத்துச் சுருள் ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. "இது போதும், வந்துரும்" என்றாள்.

எனக்குப் போதவில்லை. பயத்தில் தூக்கமே வரவில்லை. எங்கள் ஊரில் தேமலுக்கும் சிரங்குக்கும் அம்மன் கோயில் புற்றுமண்தான் மருந்து. செடிக்கு ஆகாது என்று யாரும் சொன்னதில்லை. மறுநாள் சாமி அறையில் இருந்த புற்றுமண்ணைக் கெட்டியாகக் குழைத்து, தண்டு, இலை, அந்தப் பச்சைச் சுருள் எதையும் விடாமல் அப்பினேன். மண் காயக் காய மேலும் மேலும் அப்பினேன். மத்தியானத்தில் சித்தி கண்ணயர்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் சித்தி அந்த மண்ணை உடைத்தாள். சுருள் அதோடு சேர்ந்து கையில் வந்தது. என்னையும் பார்த்தாள், கையையும் பார்த்தாள். "சரி, விடு. நீயும் தூக்கித் தூக்கி அலுத்துட்ட" என்றாள். 

அந்தத் தொட்டியில் ஒரு கற்றாழையை நட்டு நடுவெயிலில் வைத்தாள். அதற்குப் பிறகு மலையைப் பற்றி அவள் பேசியதே இல்லை. திருப்பூரிலிருந்து போன் வந்தால், "நல்லாருக்கேன்" என்று ஒரு வார்த்தையோடு வைத்துவிடுவாள். "இப்பத்தான் நம்ம வீட்டுப் பொம்பளையா ஆயிருக்கா" என்று அம்மா மெச்சிக்கொண்டாள்.

செடி செத்தும் சித்தி சாகவில்லை. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், சித்தியைப் பிழைக்க வைத்ததற்காக அம்மனுக்குக் காணிக்கையாக உப்பும் மிளகும் போட்டேன்.