நேரில் வந்து அழைக்காத இடத்துக்கு

என் வீட்டுக்காரரின் கை, கணபதி பகுதியில் லேத் பட்டறை நடத்திய கை. மறதி நோய் வந்து மற்றதெல்லாம் கரைந்துபோனாலும் பிடி மட்டும் கொஞ்சமும் தளரவில்லை. தலைமுடியைப் பற்றி என்னைச் சுவரில் மோதியிருக்கிறார். இட்லித் தட்டை வீசிப் புருவத்தைக் கிழித்திருக்கிறார். இத்தனைக்கும் கல்யாணமான நாளிலிருந்து நோய் வரும்வரை என்மேல் கை நீட்டாத மனுஷன், வாய்தான் நீளம். நானும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஒருநாள் வலி பொறுக்காமல் தோசைத் திருப்பியால் அவர் முழங்கையில் ஒன்று வைத்தேன். அதைப் பிடுங்கி இரண்டாக வளைத்துப் போட்டார்.

புருவத்தில் தையல் போட்ட அன்றுதான், சரவணம்பட்டியில் கம்பெனி வேலைக்குப் போகும் எங்கள் மகள் முடிவாகச் சொன்னாள்.

“இன்னொருக்கா ரத்தம் வந்துச்சுன்னா அப்பாவப் பூட்டி வெக்கிற எடத்துல சேத்துப்போடுவேன். உன்னையத் தூக்கிட்டுப் போயி சுடுகாட்டுல வெக்க என்னால ஆகாதும்மா.”

சொன்னதைச் செய்கிறவள் அவள். அதற்கு முன் கடைசியாக ஒன்று பார்க்கலாம் என்றாள். இவரைப் போன்றவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் டே கேர் ஒன்று இருந்தது. காலையில் விட்டு மாலையில் கூட்டிக்கொள்ளலாம். நாலு பேரோடு இருந்தால் மூர்க்கம் குறையும், எனக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். இதுவும் ஆகாவிட்டால் அவரை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள்.

டாக்டரிடம் போகிறோம் என்று பொய் சொல்லி மகள் அவரைக் காரில் ஏற்றப் பார்த்தாள். அவள் தோளைக் கடித்துவிட்டார். முழங்கையால் குத்திக் கார் கண்ணாடியை உடைத்தார். தடுக்கப் போன என் கழுத்தில் கையை வைத்து, “இந்த ஊட்ட உட்டு நான் நகர மாட்டேனுங்க, என்ன பண்ணிப்போடுவீங்க?” என்றார். என்னை யாரென்று தெரியாதபோதுதான் இந்த மரியாதையெல்லாம். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து கையைப் பிரித்துவிட்டார். மகள் அழுதுகொண்டே அந்தப் பூட்டி வைக்கிற இடத்துக்கு ஃபோன் போட ஆரம்பித்தாள். ஒரே ஒரு நாள் பொறு சாமி என்று கெஞ்சி ஃபோனை வாங்கி வைத்தேன்.

எனக்கு ஒன்று உறைத்திருந்தது. பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள் என்று சொந்தப் பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாத ஆள் இவர். நேரில் வந்து, உட்கார்ந்து, வெற்றிலை பாக்கு வைத்து, குடும்பத்தோடு வரச் சொல்லி அழைக்க வேண்டும். இவரை யார் அழைத்தது? மூட்டை மாதிரி இழுக்கத்தானே பார்த்தோம்.

டே கேர் நடத்துகிற அம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். நல்ல மனசு அவருக்கு. மறுநாள் காலை பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றார்.

“ஏனுங்க, நம்ம எடத்துல ஒரு விசேசமுங்க. நீங்க அவசியம் வரோணும்.”

இவர் எழுந்து கும்பிட்டார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டாங்க” என்றார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. அப்புறம் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

“வரோணும்னு ஆசைதானுங்க. ஆனா ஊட்டுக்காரி இல்லாம நான் எந்த விசேசத்துக்கும் போறதில்லைங்க. அவளக் காணோம்.” என்னைக் கை காட்டினார். “இந்தம்மாதான் அவள எங்கயோ அடைச்சு வெச்சிருக்குது. நானும் அடிச்சு அடிச்சுக் கேக்கறேன், வாயத் தொறக்க மாட்டேங்குது. அவ இந்த ஊட்டுக்குள்ளதானுங்க கெடக்கறா. அவள உட்டுப்போட்டு நான் எப்படிங்க வாரது?”

கொண்டுவந்த சொம்புத் தண்ணீரைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் நான் வாங்கிய அடியெல்லாம் என்னைத் தேடித்தானா? பாவி மனுஷா என்று அங்கேயே மாரடித்து அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“உங்க ஊட்டம்மா காத்தாலயே அங்க போயிட்டாங்க. பந்திக்கு ஆளு பத்தலைன்னு இவங்கதான் கூட்டிட்டுப் போனாங்க.”

“ஆமாங்க, அங்கதான் இருக்கறாங்க” என்றார் வந்தவர்.

இவர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். எலும்புக்குள் நொறுக்கென்றது. “அத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா இத்தன ஒத வாங்கியிருக்க வேண்டாமுல்லங்க?” என்று என்னைத் தள்ளிவிட்டுத் தலை சீவப் போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த அம்மாவின் காரில் தானாகவே ஏறி உட்கார்ந்தார்.

நான் கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, நல்ல சேலை மாற்றி, ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். சொன்ன பொய்யை நான்தானே மெய்யாக்க வேண்டும். நான் உள்ளே நுழைந்தபோது அவர் ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து முகம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“எங்க போயித் தொலைஞ்ச புள்ள? எத்தன நாளாத் தேடறது?”

பக்கத்தில் வந்து, என் கையில் சுற்றியிருந்த துணியை விலக்கி, வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“எவன் பண்ணுனது? ஆளக் காட்டு. கைய முறிச்சுப்போட்டுத்தான் மறுவேலை.”

“யாருமில்லீங்க. உழுந்துட்டேன்.”

அவர் நம்பவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருவரையும் முறைத்தபடி, என் தோளில் கை போட்டு, சாயங்காலம் வரை என்னைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார். நாளைக்கும் அவர் வருவார், அதில் சந்தேகம் இல்லை. வீட்டு வாசலை மிதித்ததும் நான் மறுபடி அவளை அடைத்து வைத்த ‘இந்தம்மா’ ஆகிவிடுவேனோ என்றுதான், ஆட்டோவைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.