வழியனுப்பு வீட்டு கிரீம் பஃப்

கிரீம் பஃப் செஞ்சு விக்கிறவளுக்கு, ஊர்ல எந்த வீட்ல பெட்டி கட்டுறாங்கங்கிற சேதி அடுத்த வீட்டுக்காரங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

வீட்டு அடுப்பை நம்பி ஆர்டர் எடுத்து அவதிப்படுற சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லணுமா? கரும்பு வெட்ட நம்ம பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த தீவுல, பா ஊர்ல வரதோலியில குடியிருக்கோம். எங்க வீட்டுக்காரருக்கு ரராவாய் சர்க்கரை ஆலையில வேலை. மொதல்ல எல்லாம் பிறந்த நாள், நிச்சயதார்த்தம்னு ஆர்டர் வரும். பட்டாளம் ஆட்சியைப் பிடிச்சுதே, எங்க ஊர்ல 'கூ'ன்னு சொல்லுவோம், அதுக்கப்புறம் நம்ம சனங்க பயந்துபோயி ஒவ்வொரு குடும்பமா வெளிநாடு கிளம்ப, வந்த ஆர்டர் முக்காவாசி வழியனுப்புற ஆர்டர்தான். ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர். போற வீட்டுக்கெல்லாம் கடைசி இனிப்பு என் கையால போச்சு.

என் கூட்டாளி என் நாத்தனார் தேவி. செம்பருத்தி வேலியில ஒரு சந்து உண்டு, அது வழியா நுழைஞ்சா அவ வீடு. நான் மாவு கிண்டுவேன், அவ முட்டை ஊத்துவா. அவ புருஷனோட தம்பி ஆக்லாந்துல இருந்துக்கிட்டு அவங்க குடும்பமும் அங்க குடியேற பேப்பர் போட்டிருந்தான். அது வரக்கூடாது சாமின்னு தினம் விளக்கேத்தறப்போ வேண்டிக்குவேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு, ஆனா வேண்டிக்கிட்டது நெசம்.

ஒம்பதாம் நம்பர்

இந்தப் பலகாரத்தை எனக்குக் கத்துக்கொடுத்தது தையல் கிளாஸ் டீச்சரம்மா. தண்ணியும் வெண்ணெயும் கொதிக்கறப்போ மாவை ஒரேயடியாக் கொட்டிக் கிண்டணும். கை விட்டுப்போற மாதிரி கிண்டணும். உருண்டையாத் திரண்டு வந்ததும் ஆறவெச்சு, முட்டையை ஒண்ணொண்ணா ஊத்தி அடிக்கணும். அடுப்புல வெச்சா உள்ள காத்து நிறைஞ்சு பந்து மாதிரி எழும்பும். அந்தக் காலி வயித்துக்குள்ள கிரீம். இந்த மாவுக்குப் பேரு 'ஷூ'ன்னு டீச்சரம்மா சொன்னாங்க. நானும் பெருமையா வீட்ல வந்து, "இன்னிக்கு ஷூ பண்ணப் போறேன்"னேன்.

மொத தடவை முட்டை கம்மியாப் போச்சு. எழும்பவும் இல்ல, வேகவும் இல்ல, தட்டினா டொக்கு டொக்குங்குது. ஆலையிலிருந்து வந்த மனுஷன் ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், காலுக்குப் பக்கத்துல வெச்சும் பார்த்தார். அப்புறம் தேவியைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"உங்க அண்ணி சொன்னது சரிதான், இது ஷூவேதான். எனக்கு ஒம்பதாம் நம்பர் வேணும், கேட்டுச் சொல்லு."

அன்னியிலிருந்துதான் முட்டை பொறுப்பு தேவிக்குப் போச்சு. கரண்டியைத் தூக்கி, மாவு விழுற விதத்தைப் பார்த்தே இன்னும் அரை முட்டைன்னு சொல்லுவா. அளவெல்லாம் கிடையாது. கண்ணுதான்.

காலியாவே கொடு

எங்க தெருக்கோடி மைமூன் அக்கா குடும்பம் வான்கூவருக்குக் கிளம்பினாங்க. போற வழியில ரெண்டு எடத்துல பிளேன் மாறணும். "நாப்பது பஃப் கட்டிக்கொடு, கையில எடுத்துட்டுப் போறோம்"னாங்க. நான் பதறிட்டேன். பா வெயில்ல ரெண்டு மணி நேரம் தாங்காத கிரீம், மூணு பிளேன் ஏறினா என்னாகும்? கெட்டுப்போயி ஊர் பேர் தெரியாத எடத்துல பிள்ளைங்களுக்கு வயித்தால போனா என் தலையைத்தானே உருட்டுவீங்க அக்கான்னேன்.

"அப்படின்னா கிரீம் வேணாம், காலியாவே கொடு, அங்க போயி நெரப்பிக்கிறோம்"னாங்க. காலியா வெச்சா நமத்துப் போயிடுமேன்னு தேவி சொன்னா. நமத்தா நமக்கட்டும்னாங்க அக்கா. வெறும் கூட்டை யாராச்சும் சுமப்பாங்களான்னு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அக்கா சிரிக்கல.

"கிரீம் அந்த ஊர்லயும் இருக்கும் தங்கச்சி. அதைப் போட்டு மூடறதுக்கு ஏதாச்சும் நம்மளுது வேணும்ல?"

சோதனை

'கூ' நடந்த புதுசுல ஒரு தடவை பக்கத்து டவுன் லவுதோக்காவுக்கு ஆர்டர் கொண்டு போனோம். பக்கத்து வீட்டு வேன், என் வீட்டுக்காரர் ஓட்டுறார், மடியில ரெண்டு அட்டைப்பெட்டி. ரோட்டுக்குக் குறுக்க டிரம் வெச்சு மறிச்சிருக்காங்க. துப்பாக்கியோட ஒரு பட்டாளத்தான் வந்து, பெட்டியில என்னன்னு கேட்டான். கிரீம் பஃப்னேன். நம்பல. என் குரல் நடுங்கின நடுக்கத்துக்கு நானே நம்பியிருக்க மாட்டேன்.

மூடியைத் திறக்கச் சொன்னான். குனிஞ்சு பார்த்து, ஒரு பஃப்பை விரலால அழுத்தினான். பொளிச்சுன்னு கிரீம் வெளிய வந்து அவன் கை, சட்டைக்கை எல்லாம் அப்பிடுச்சு. செத்தோம்டான்னு நெனச்சேன். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடிச்ச பிடியை விடல. அந்த ஆளு ஒரு நிமிஷம் விரலைப் பார்த்தான், நக்கினான். அப்புறம் பெரியம்மாவைக் கூப்பிடுற மாதிரி, இந்தத் தீவுப் பூர்வகுடிங்க பாஷையில 'நாவ்'னு கூப்பிட்டு, நம்ம இந்தியிலேயே சொன்னான்:

"சர்க்கரை ஆலை ஊர்லேர்ந்து வர்றீங்க, சர்க்கரை இவ்வளவு கம்மியாவா போடுவீங்க, நாவ்?"

சாத்தும் சாட்டும்

எங்க பக்கம் தமிழ் பெருசுங்களோட நின்னுபோச்சு. மத்தபடி எல்லாம் இந்திதான், ஆர்டரும் இந்தியிலதான். ஒரு நாள் ரராவாய் பக்கத்துக் கரும்புக்காரர் வீட்லேர்ந்து போன். லைன்ல கரகரன்னு ஒரே இரைச்சல். 'சாட்'னு கேட்டுச்சு. சாட்னா அறுபது. அந்த வீடு எனக்கு நல்லாத் தெரியும். அண்ணன் தம்பி, மருமக, பேரப்பிள்ளைங்கன்னு தீமிதி அன்னிக்கு அவங்க வீட்டாளுங்களே ஒரு லாரி நிறைய வருவாங்க. அறுபது சரிதான்னு நானும் தேவியும் விடிஞ்சதுலேர்ந்து நின்னு செஞ்சோம். இடுப்பு கழண்டு போச்சு.

கொண்டு போனா, வீடு அமைதியாக் கிடக்கு. வராந்தாவுல ஒரு நாய். பெரியவர் வெளிய வந்து பெட்டியைப் பார்த்தார், அடுத்த பெட்டியைப் பார்த்தார், மூணாவதையும் பார்த்தார். அவர் கேட்டது 'சாத்'. ஏழு. கடைசி மகனும் மறுநாள் கிளம்புறான், அதுக்காக ஏழு. நான் காதைக் குத்தம் சொல்றதா, போனைக் குத்தம் சொல்றதான்னு தெரியாம நின்னேன். மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கிறேன் ஐயான்னேன். அவர் வேணாம்னு தலையாட்டிட்டு, பெட்டி மூணையும் உள்ள வெக்கச் சொன்னார். என்கிட்ட தமிழ்ல பேசினார்:

"நீ தப்பாக் கேக்கல பாப்பா. நீ கேட்டது பழைய கணக்கு."

வேன்ல வர்றப்போ தேவி கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வெளியவே பார்த்துட்டு வந்தா. அவளுக்கும் ஏதாச்சும் தகவல் வந்துடுச்சோ?

தேவியோட ஆர்டர்

வந்துதான் இருந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில அவ வேலிச் சந்துல வரல. முன்பக்கம் கேட்டைத் திறந்துக்கிட்டு, வெளியாளு மாதிரி வந்தா. "அண்ணி, சனிக்கிழமைக்கு எனக்கு அம்பது பஃப் வேணும்"னா. யாருக்குன்னு நான் கேக்கல. சாமி மேல வந்த கோபத்துல அன்னிக்கு விளக்கு ஏத்தல.

மறுநாள் ரெண்டு பேருமா நின்னுதான் செஞ்சோம். அவ வழியனுப்புக்கு அவளே முட்டை ஊத்துறா. இந்தக் கொடுமையை எங்க போயி சொல்ல? மாவு அன்னிக்கு வந்த மாதிரி என்னைக்கும் வந்ததில்ல, அப்படி ஒரு பதம். தட்டை அடுப்புல வெச்சேன். இருபது நிமிஷம் அடுப்புக் கதவைத் தொடக்கூடாது, வெளிக்காத்து பட்டா பொசுக்குன்னு உக்காந்துடும். பத்து வருஷமாச் செய்யிற எனக்கு இது தெரியாதா? தெரியும். கதவைத் திறந்தேன். கண்ணெதிர்ல அத்தனையும் படுத்துடுச்சு. "ஐயோ, மறந்து திறந்துட்டேன்"னேன்.

தேவி ரெண்டாவது தட்டை வெச்சா. பத்து நிமிஷம் கூட ஆகல, என் கை மறுபடியும் கதவுக்குப் போச்சு. பஃப் எழும்பலைன்னா விருந்து இல்ல, விருந்து இல்லைன்னா பயணம் இல்லைன்னு என் புத்தி எங்கயோ முடிச்சு போட்டு வெச்சிருக்கு போல. பைத்தியக்காரத்தனந்தான். அவ என் மணிக்கட்டைப் பிடிச்சா. பிடிச்சவ விடவே இல்ல. ரெண்டு பேர் கையிலயும் மாவு. அவ கண்ணு கலங்கிப்போயிருந்துச்சு, குரல் மட்டும் கலங்கல:

"டிக்கெட்டு அடுப்புக்குள்ள இல்ல, அண்ணி."

அந்தத் தட்டு நல்லா எழும்புச்சு. அதுக்கப்புறம் வெச்சதும் எழும்புச்சு. சனிக்கிழமை சாயங்காலம் அம்பதும் தீர்ந்துபோச்சு, திங்கக்கிழமை அவங்க நந்தி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டாங்க. இப்ப முட்டையை நானே ஊத்துறேன். ஒரு நாளைக்குத் தண்ணியாப் போகுது, ஒரு நாளைக்குக் கெட்டியாப் போகுது. கரண்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "போதுமாடி?"ன்னு கேக்கறேன், அப்புறந்தான் ஆள் இல்லைன்னு நெனப்பு வருது.

இத்தனை வருஷத்துல பாதி ஊரை இனிப்புக் கொடுத்து அனுப்பி வெச்ச தொழில்காரி நான், ஆனா "போனவங்க எங்க வீட்டுக்குத் திரும்பி வந்திருக்காங்க, பத்து பஃப் செஞ்சு கொடும்மா"ன்னு இதுவரைக்கும் ஒரு ஆர்டர் வந்ததில்ல.