ஊதுபத்தி வளைந்த ஜன்னல்

டெக்சாஸில், பிளானோவில் நாங்கள் வாங்கியது நாற்பது வயது வீடு. எனக்கு நாற்பத்தொன்பது. இருவரில் யாருக்கு முதலில் ரிப்பேர் வரும் என்று மனைவிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வீடு முந்திக்கொண்டது.

குடிவந்த நாலாம் நாள், பத்து வயது மகள் தலையணையோடு எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். அவள் அறை ஜன்னல் மூச்சு விடுகிறதாம். மூன்று வாரமாக எங்களுக்கு நடுவில் குறுக்காகப் படுத்தாள். என் பங்குக்குக் கட்டிலின் விளிம்பும் அவளுடைய குதிகாலும் கிடைத்தன. அவளும் சரியாகத் தூங்கவில்லை. வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சரிடமிருந்து ஈமெயில் வந்தது.

"அந்த ஜன்னல சரி பண்ணுங்க, இல்லன்னா வீட்ட வித்துடலாம்," என்றாள் மனைவி.

"இடுக்குல காத்து வருது. அவ்ளோதான். சுத்தி கால்க் பசை போட்டு அடைச்சா போச்சு."

"யாரு போடுவா?"

"நான்தான்."

"அப்ப வித்துடலாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இருபது வருடமாக அதை அடைப்பது வேறு ஆள்.

காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க, சனிக்கிழமை காலை பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினேன். ஒவ்வொரு ஜன்னல் சட்டத்தையும் ஒட்டி அதை மெதுவாகக் கொண்டுபோனேன். பழக்கதோஷம், கை தானாக வட்டம் சுற்றியது.

"கன்னத்துல போட்டுக்கவா?" என்று கேட்டாள் மனைவி.

ஹாலில் புகை நேராக நின்றது. சமையலறையில் லேசாகச் சாய்ந்தது. மகளின் அறையில் சட்டத்தை நோக்கிப் போனது. நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி வந்தது. மறுபடி போனது.

வெளியே மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஏசியை நிறுத்தினேன். பாத்ரூம் ஃபேனை நிறுத்தினேன். புகை போனது, நின்றது, வந்தது.

வாசலில் நின்ற மகள், "டோல்ட் யூ," என்றாள்.

"அப்பா மூச்சுதாம்மா அது. இப்ப பாரு," என்று மூச்சைப் பிடித்துக் காட்டினேன். போனது, நின்றது, வந்தது. முதலில் மூச்சை விட்டவன் நான்தான்.

கடையில் கால்க் வரிசை முன்னால் அரை மணி நேரம் நின்றேன். பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு நேரம் ஆகவில்லை. சுத்த சிலிகோன் நன்றாக ஒட்டும், ஆனால் அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. சிலிகோன் கொஞ்சம் கலந்த அக்ரிலிக் என்றால் பெயின்ட் அடிக்கலாம், ஈரத்துணியில் துடைக்கலாம். என்னைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் துடைக்கிற மாதிரி செய்திருப்பார்கள். அதையே எடுத்தேன்.

மதியம் பழைய கால்க்கைக் கத்தியால் சுரண்டினேன். மூன்று அடுக்கு இருந்தது. மேலே வெள்ளை, அதன் கீழே சாம்பல், அடியில் மஞ்சளாகிப்போன ஒன்று. மூன்று வெவ்வேறு ஆட்கள், மூன்று வெவ்வேறு விரல்தடம். ஆனால் மூன்றுமே வலது கீழ் மூலையில், சுண்டுவிரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு நின்றுபோயிருந்தன.

"மூணு சோம்பேறிங்க இருந்த வீடு," என்றேன்.

"நாலாவது வந்தாச்சு," என்றாள் மனைவி.

ரோஷம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, அதைப் பிதுக்கும் கால்க் துப்பாக்கியின் விசையை அழுத்தினேன். விட்ட பிறகும் அது கக்கிக்கொண்டே இருந்தது. புருவத்தில்கூடக் கொஞ்சம் ஏறியது. நனைத்த விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டேன். அந்த மூலைக்கு மட்டும் ஒரு பங்கு கூடுதலாக வைத்து அடைத்தேன்.

ஞாயிறு மாலை காய்ந்ததும் ஊதுபத்தியைக் காட்டினேன். புகை கோடு கிழித்தது போல் நின்றது.

"பரவால்லயே," என்றாள் மனைவி. மகள் தலையணையோடு தன் அறைக்குப் போனாள். நான் கட்டிலில் கையைக் காலை விரித்துத் தூங்கினேன்.

திங்கள் காலை பள்ளிக்கு எழுப்பப் போனேன். அவள் கட்டிலின் ஓரத்தில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா, தூங்கலயா? சத்தம் வருதா?"

"நோ."

"அதானே வேணும்னு கேட்ட? நின்னுடுச்சு பாரு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இட் டிட்ன்ட் ஸ்டாப், அப்பா. இட்ஸ் ஹோல்டிங் இட்ஸ் ப்ரெத்."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவன் அந்த மூலையைப் பார்த்தேன். சனிக்கிழமை மட்டமாக வழித்துவிட்ட இடம், வெயில் வெளிச்சத்தில், வாயை மூடி உப்பிய கன்னம் போல இருந்தது. காற்றுக் குமிழி என்று சொல்லிக்கொண்டு விரலால் அழுத்தினேன். உள்ளே போனது. விரலை எடுத்ததும், அவசரமில்லாமல், திரும்பி வந்தது.

கத்தியை எடுத்து சுண்டுவிரல் அகலத்துக்கு வெட்டினேன். நீளமாக ஒரு மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. சில்லென்று இல்லை. டெக்சாஸ் வெயிலின் சூடாகவும் இல்லை. வெட்டிய இடம் பழைய மூவரும் நிறுத்திய அதே இடம். பெயின்டில் அவர்கள் விட்ட கோடு இன்னும் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். மகள் உட்கார்ந்த வாக்கிலேயே சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கு லீவ் மெயில் போட்டாள்.

"அந்த மூலைய ஏன் விட்டுட்டீங்க? கால்க் தீந்துடுச்சா?"

"அங்க அவ்ளோதான் போடணும்," என்றேன். குழாயில் பாதி மிச்சம் இருந்ததை அவள் பார்த்தாள்.

அன்றிலிருந்து மகள் அவள் அறையில்தான் நன்றாகத் தூங்குகிறாள். அடுத்து இந்த வீட்டை வாங்குகிறவர் அந்த மூலையைப் பார்த்து நாலு சோம்பேறிகள் என்பார். சொல்லட்டும். போகும்போது ஒரு ஊதுபத்தி பாக்கெட் வைத்துவிட்டுப் போவதாக இருக்கிறேன்.