பாம்பு பார்க்க வந்தவர்கள்

பாம்பு வளர்க்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார். பகிடி விடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்திருப்பார். ஆனால் பகிடி விடும்போது எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை. மனிசன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் இருவரும் படித்து முடித்துத் தனியே போய்விட்டார்கள். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு வேலை. பொதி வந்து சேராத சனம் காலை தொடங்கி மாலை வரை போனில் என்னைத் திட்டும். ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் வாசலில் யாருடையவோ சப்பாத்துக் கிடக்கும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிற வழக்கம் என் கணவரின் பக்கத்தில் ஒருவருக்கும் கிடையாது. தேத்தண்ணி போட்டு, பற்றீஸ் பொரித்து, அவர்கள் போன பிறகுதான் நான் உடுப்பு மாற்றுவேன்.

இந்த நிலையில்தான் கூட வேலை செய்கிற ஒருத்தி என்னை ஒரு சமூக நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாம்பு, ஓணான், ஆமை எல்லாம் காட்டுகிறார்களாம். அங்கே ஒருவர் என் கையில் ஒரு கோர்ன் ஸ்னேக்கை வைத்தார். செம்மஞ்சள் உடம்பு, முதுகில் சிவப்புத் திட்டுகள். விஷம் கிடையாது, எங்கள் சாரைப் பாம்புக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது விரல்களுக்கிடையே மெல்லப் போய் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு சும்மா இருந்தது. பசிக்கிறது என்று சொல்லவில்லை, தேத்தண்ணி கேட்கவில்லை, பிள்ளைகளுக்கு எப்போது கலியாணம் என்று விசாரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது எனக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

என் கணவரைச் சம்மதிக்க வைக்க ஒரு பனிக்காலம் பிடித்தது. கடைசியில் "உம்மடை பாம்பு, உம்மடை பாடு" என்று சொன்னார். அது போதும்.

பாம்பு வருவதற்கு முன்பே அதற்கு வீடு தயாராக இருக்க வேண்டும் என்று ஒஷாவாவில் பாம்புக் குட்டிகளை வளர்த்து விற்கிற ஒரு அம்மா சொல்லியிருந்தார். மகனின் பழைய அறையில் கண்ணாடித் தொட்டி வைத்தேன். மூடிக்கு நான்கு பக்கமும் கொளுவி. பாம்பு தப்பினால் இந்தக் கட்டடத்திலிருந்து எங்களையும் சேர்த்துத் துரத்தி விடுவார்கள். தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே சூட்டுப் பாய். அந்தப் பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். எது தேவையோ அங்கே அது தானே போய்ப் படுக்கும். அடியில் போட விற்பது என்ன தெரியுமா? தும்பு! தென்னந்தும்பைத் தூளாக்கி, செங்கல் போல அழுத்தி, பிளாஸ்டிக் சுற்றி விற்கிறார்கள். ஊரில் மழைக்குப் பிறகு முற்றத்திலிருந்து கூட்டித் தள்ளுகிற சாமானைக் கடன் அட்டையில் வாங்கினேன். ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் இரண்டு மறைவிடம் வேண்டும் என்றார்கள். கடையில் அதற்கும் சிரட்டைதான் வைத்திருந்தார்கள். அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் இரண்டு தேங்காய் உடைத்துத் துருவி, சிரட்டையைத் தேய்த்துக் கழுவி, விளிம்பில் வாசல் வெட்டிக் கவிழ்த்தேன். அன்றைக்கு எங்களுக்குப் பிட்டு.

குட்டியை ஒரு சனிக்கிழமை கொண்டுவந்தோம். பென்சில் தடிப்புத்தான் இருக்கும். ஒஷாவா அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், தொடக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது, தட்டக்கூடாது. பயந்தால் சாப்பிடாது. கிழமை முடிய, உறைய வைத்து விற்கிற எலிக்குஞ்சு ஒன்று கொடுங்கள். எடுக்காவிட்டால் இன்னும் ஒரு கிழமை விட்டுக் கொடுங்கள். அப்போதும் எடுக்காவிட்டால் திரும்பக் கொண்டுவந்து தாருங்கள்; இவ்வளவு சின்ன உடம்பு அதற்கு மேல் தாங்காது. இதைக் கேட்டுக்கொண்டு நின்ற என் கணவர், திரும்பக் கொடுத்தால் கொடுத்ததுதான், இன்னொரு பாம்புக் கதை இருக்கக்கூடாது என்று காரில் வைத்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

பிறகு அவர் தன் தமக்கைக்குப் போன் எடுத்து, வீட்டுக்குப் பாம்பு வந்திருக்கிறது என்று சொன்னார். அந்த மச்சாளுக்கு ஒன்றைச் சொன்னால் ஸ்காபரோவுக்கே சொன்ன மாதிரி.

அடுத்த நாள் பின்னேரமே வந்துவிட்டார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு எப்படி வருவார்களோ அப்படி. கேக் கொண்டுவந்தார்கள், வாழைப்பழம் கொண்டுவந்தார்கள், ஒருவர் பாலும் முட்டையும் கொண்டுவந்தார். மச்சாள் தொட்டியின் கண்ணாடியில் திருநீறு பூசினார். "ஆரை மாதிரி இருக்கு?" என்று ஒரு அங்கிள் கேட்க, "தகப்பனை மாதிரித்தான், ஒளிச்சுக்கொண்டு நிக்குது" என்று இன்னொருவர் சொல்ல, வீடே சிரித்தது. கண்ணாடியில் விரலால் டொக் டொக் என்று தட்டினார்கள். போன் வெளிச்சத்தைச் சிரட்டை வாசலுக்குள் அடித்தார்கள். நான் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது யாரோ மூடியைத் திறந்து சிரட்டையையே தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். நான் சொல்லிப் பார்த்தேன். "நாங்கள் என்ன பிறத்தி ஆக்களே?" என்று கேட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க இதே கூத்துத்தான்.

கிழமை முடிய எலிக்குஞ்சை இடுக்கியில் பிடித்து நீட்டினேன். பாம்பு திரும்பியும் பார்க்கவில்லை. தொட்டி மூலையில் தும்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. ஒரு முழுநாள் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்து எறிந்தேன். அன்றைக்கு நான் வேலையில் மூன்று பேரிடம் எரிந்து விழுந்தேன்.

சாப்பிடவில்லை என்ற செய்தியும் போய்ச் சேர்ந்தது. மச்சாள் ஓடி வந்தார். "மெலிஞ்சு போச்சு" என்றார். கண்ணூறு, நாவூறு பட்டுவிட்டதாம். நான் வாயைத் திறப்பதற்குள் உப்பையும் செத்தல் மிளகாயையும் கையில் பொத்திக்கொண்டு போய்த் தொட்டியைச் சுற்றிவிட்டு, எங்கள் மின்சார அடுப்பில் தாச்சியை வைத்து அதில் கொட்டினார். மிளகாய் நெடி வராவிட்டால்தான் நாவூறு பட்டது என்று கணக்கு. நெடியா? மேல்மாடி கீழ்மாடி எல்லாம் இருமியது. புகை அலாரம் கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் நான் அறைக்குள் ஓடினால், என் பாம்பு கண்ணாடியில் மூக்கை முட்டி முட்டி வெளியே போக வழி தேடுகிறது. நான் அதற்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த வீடு! எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே.

அலாரத்துக்குக் கீழே துவாயை விசிறிக்கொண்டு நின்ற மச்சாளிடம் வந்தேன்.

"மச்சாள், என்ரை பாம்பு சாப்பிடுமட்டும் இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரவேண்டாம். நீங்களும்தான்."

 மச்சாள் கோட்டை மாட்டி, பூட்ஸைக் காலில் கொளுவிக்கொண்டு போனார். என் கணவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்ப் படுத்துவிட்டார். அவருக்கு அக்கா என்றால் தாய்க்குச் சமம். அந்தக் கிழமை முழுக்க என்னோடு உப்பு இருக்கிறதா, புளி இருக்கிறதா என்ற அளவுக்குத்தான் கதை.

ஆனால் என்ன மாதிரியான ஒரு கிழமை அது! வாசலில் எங்களுடைய சப்பாத்துகள் மட்டும். தொட்டியின் மூன்று பக்கமும் கடதாசி ஒட்டி மறைத்தேன். வேலையால் வந்து உடுப்பு மாற்றி, என் தேத்தண்ணியை நானே குடித்தேன். ஒரு பின்னேரம் கதவு இடுக்கால் பார்த்தபோது பாம்பு சிரட்டையை விட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பிறகு நான் உள்ளே சாய்த்து வைத்த தடியில் ஏறியது. தன் வீடு என்று அதற்கு விளங்கிவிட்டது. நான் மூச்சையும் சத்தமில்லாமல் விட்டேன்.

கடைசித் தவணை ஞாயிறு பின்னேரம் வந்தது. எலிக்குஞ்சைச் சுடுதண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, இடுக்கியில் பிடித்துக்கொண்டு தொட்டியின் முன்னால் முழங்காலில் இருந்தேன். இதை எடுக்காவிட்டால் நாளைக்கு ஒஷாவா. என் கணவர் அறை வாசலில் நின்றார். அதைவிடக் கிட்ட அவர் அதுவரை வந்ததில்லை. சிரட்டை வாசலில் மூக்கு தெரிந்தது. நாக்கு வெளியே வந்து போனது.

அப்போது வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, நான்தான். கதவைத் திற." மச்சாளின் குரல். பின்னால் இன்னும் சில குரல்கள். கோபம் ஒரு கிழமைக்கு மேல் தாங்கவில்லைப் போலும். கூட்டத்தோடு வந்து நிற்கிறார். என் கணவரின் ஒரு கால் தன் பாட்டில் திரும்பியது. அக்கா தட்டி அவர் திறக்காத கதவு உலகத்தில் இல்லை. நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் பாம்பு உள்ளே போய்விடும். மறுபடியும் தட்டினார்கள். அவர் காலைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றார்.

பாம்பு பாய்ந்தது. இடுக்கி என் கையில் ஆடியது. எலிக்குஞ்சைப் பிடித்து, சுற்றி வளைத்து, தலைப் பக்கமாகத் தேடி, வாயை அகலத் திறந்தது. எப்போது வந்தாரென்று தெரியாது, என் கணவர் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். "விழுங்குது," என்றார் காற்றுக் குரலில், "இஞ்சேரும், விழுங்குது." அந்தச் சின்னக் கழுத்துக்குள் வீக்கம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோசம், வெறும் சந்தோசம். மூடியின் நான்கு கொளுவியையும் மாட்டினேன்.

அவர்தான் எழும்பிப் போனார். சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"அக்கா, பாம்பு சாப்பிட்டிட்டுது. ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் பாக்கேலாது. இனிமேல் வாறதெண்டால் போன் அடிச்சுப்போட்டு வாங்கோ."

கதவைச் சாத்தினார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வசனம் அது. கேட்டபோது கால் தரையில் பாவவில்லை. வெளியே ஒரு சத்தமும் இல்லை. இனி இந்த மனிசனுக்கு அக்காவும் இல்லை என்று நினைத்தேன்.

என் போன் அடித்தது. எடுத்தேன். மச்சாள், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

"வரலாமோ?" என்று கேட்டார்.

"இண்டைக்கு இல்லை, மச்சாள்," என்றேன். "புதன்கிழமை வாங்கோ."

 "ஓம், புதன்கிழமை வாறன்," என்றார் மச்சாள்.