மெற்றில்டா உப்பில் போட்ட போஞ்சி

மெற்றில்டா மன்னார் அரசாங்கக் கச்சேரியில் ஒன்பது வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவள். மண்வெட்டி பிடித்து அறியாதவள். மீன் வாசலுக்கு வரும், மரக்கறி சந்தையில் கிடக்கும் என்றுதான் முப்பத்தைந்து வயதுவரை இருந்தாள். 1986இல் கணவன் செபமாலைமுத்துவோடும் மூன்று பிள்ளைகளோடும் லண்டனுக்கு வந்து குட்மேய்ஸில் ஒரு வாடகை வீட்டில் குடியேறிய பிறகும் அவள் மாறவில்லை. வீட்டின் பின்வளவு நீளமானது. வேலிவரை முள்ளுப்பற்றை. நாலு வருடமாக அந்தக் கதவை அவள் குப்பை போட மட்டுமே திறந்தாள்.

1990 மாசியில் செபமாலைமுத்து வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பெனிபிட் என்ற அரசாங்க உதவிப்பணம் வந்தது. வாடகையும் ஹீற்றரும் போக மிஞ்சியதில் ஐந்து வயிறு நிரம்ப வேண்டும். செபமாலைமுத்து காலையில் முகம் வழித்து, வேலைக்குப் போகிறவர் மாதிரிச் சேட்டுப் போட்டு, வேலை கொடுக்கும் ஒப்பீசுகளுக்கு அலைந்துவிட்டு வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுப்பார். மெற்றில்டா ஒரு நாள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நூலகத்துக்குப் போய் வீட்டுத்தோட்டம் பற்றிய தடித்த புத்தகமொன்றை எடுத்துவந்தாள். கச்சேரியில் அதிகாரிகள் சொல்லச் சொல்ல எழுதிய அதே சுருக்கெழுத்தில் அந்தப் புத்தகத்தை ஒரு கொப்பியில் இறக்கினாள்.

பற்றையை வெட்ட மூன்று கிழமை எடுத்தது. கையெல்லாம் கீறல். ஒரு மூலையில் மட்டும் முள்ளை விட்டுவைத்தாள், அதில் பிளாக்பெரி காய்க்கும் என்று புத்தகம் சொன்னதால். உருளைக்கிழங்கு, தக்காளி, பூசணி, வேலியோரம் ஏறுகிற போஞ்சி, அதாவது பீன்ஸ். முதலில் போட்ட கரட் விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. போஞ்சியோ கேட்பாரில்லாமல் காய்த்தது. ஆவணியில் தினமும் போஞ்சி வறை, போஞ்சிப் பால்கறி, போஞ்சி போட்ட சோறு.

"அம்மா, இண்டைக்கும் போஞ்சியா?" என்றாள் மூத்தவள் இம்மாகுலேற்.

"இண்டைக்குத் தின்னப் பஞ்சிப்படுறியள். மார்கழியில தேடுவியள், பாருங்கோ."

மார்கழியை அவள் நினைக்கத் தொடங்கியது அப்போதுதான். பிளாக்பெரியைச் சீனியில் காய்ச்சிப் போத்தலில் அடைத்தாள். பிள்ளைகள் கண்டுபிடித்துத் தின்றுவிடாமலிருக்கப் போத்தல்களில் சுருக்கெழுத்தில் பெயர் எழுதினாள். பழுக்காமல் நின்ற தக்காளியைக் கடுகும் வினாகிரியும் போட்டு அச்சாறாக்கினாள். பூசணிக்காய்கள் அலுமாரி உச்சியில் ஏறின. சுடுதண்ணித் தாங்கி இருந்த சின்ன அறைக்குள் எப்போதும் சூடு. அதற்குள் தட்டுத் தட்டாகக் கீரை காய்ந்தது.

அந்தக் கீரைதான் வீட்டில் சச்சரவைக் கொண்டுவந்தது. பூங்கா ஓரத்தில் வளரும் காஞ்சோண்டி அது. தொட்டால் கை தடித்து எரியும், அவித்தால் சாதுவாகிவிடும். பாத்திரம் கழுவுகிற றப்பர் கையுறையை முழங்கைவரை இழுத்துவிட்டு, கொழுந்து கொழுந்தாகக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தவளைப் பஸ்ஸில் வந்த செபமாலைமுத்து கண்டார். பஸ் வழக்கமாக அவர் இறங்கும் அந்தத் தரிப்பில் நின்றது. அவர் இறங்கவில்லை. அடுத்த தரிப்பில் இறங்கி வேறு தெருவால் நடந்து வீட்டுக்கு வந்தார். ஜன்னலோரம் இருந்த அவரை அவளும் கண்டுவிட்டாள்.

"என்னத்துக்கு இறங்காமல் போனனீங்கள்?"

"சனம் பார்க்குது, மெற்றி. கோயிலுக்கு வாற ஆக்கள் போய்வாற றோட்டு. பிச்சைக்காறர் எண்டு நினைக்கப்போகுதுகள்."

"நான் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லையே. கிள்ளினனான். கேட்டால்தானே பிச்சை?"

அதன் பிறகு இரண்டு நாள் இருவரும் பிள்ளைகள் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

புரட்டாசிக் கடைசியில் மெற்றில்டா சமையலறைத் தரையில் இருந்துகொண்டு ஒரு பெரிய சாடியைப் பார்த்தாள். நாலு கிழமைக்கு முன் உப்பில் அடுக்கிய போஞ்சி. மூடியைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. மேலே சாம்பல் நிறப் பூஞ்சணம், கீழே கூழ். இரண்டு மாத உழைப்பு. மூடியை மடியில் வைத்தபடி அங்கேயே இருந்தாள்.

செபமாலைமுத்து வந்து பார்த்தார். குனிந்து விரலால் தொட்டு நக்கி, உடனே துப்பினார்.

"எவ்வளவு உப்புப் போட்டனீர்?"

"புத்தகத்தில இருந்ததில அரைவாசி. உங்களுக்குப் பிறசர் எண்டு..."

"அதுதான். உப்புக் குறைஞ்சால் எல்லாம் அழுகும். சமைக்கேக்க கழுவி ஊற வைச்சால் உப்புப் போயிடுமப்பா."

மன்னார்க் கரையில், பேசாலையில், அவருடைய தகப்பனுக்கு மீனை உப்பிட்டுக் காயவைக்கும் வாடி இருந்தது. பதினெட்டு வயதுவரை அவர் உப்புக்குள்தான் நின்றவர். நாற்றம் பிடிக்காமல் ஓடிப்போய்க் கடையொன்றில் சேர்ந்தவர், அதைப்பற்றி யாரிடமும் கதைத்ததில்லை. அன்று சாடியைக் கொண்டுபோய்க் கொட்டிக் கொதிநீரில் கழுவினார். வேலியில் இன்னும் போஞ்சி தொங்கியது. இருவருமாகப் பிடுங்கி, நறுக்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு உப்பாக அடுக்கினார்கள். அவர் கையால் அழுத்தி, மேலே தட்டு வைத்து, அதன்மேல் செங்கல்லும் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை இல்ஃபோர்ட் மீன்கடை பூட்டுகிற நேரம் பார்த்துப் போய், ஒரு பெட்டி மக்கறல் மீனை மலிவாக வாங்கிவந்தார். பின்வளவில் மரவாங்கு போட்டு, சேட்டுக் கையை மடித்து, மீனைப் பிளந்து குடல் எடுத்து உப்புத் திணித்த வேகத்தை மெற்றில்டா கிட்டவந்து பார்த்தாள். பன்னிரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தும் அவள் காணாத கைகள் அவை.

"இவ்வளவு காலமும் எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

"நாறுதோ?" என்று கேட்டார்.

"ஓம். நல்லா நாறுது."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

1991 மாசியில் லண்டனில் கணுக்கால் புதையப் பனி கொட்டியது. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, மூலைக்கடையில் பாண் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை, இரண்டு தெரு தள்ளியிருந்த பியற்றிஸ் கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். பின்னால் புருசன் சவிரிமுத்துவும் சின்ன மகளும். அவர்கள் வீட்டுப் பொயிலர் நின்று, குழாயும் உறைந்துவிட்டது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. பிள்ளை குளிரில நீலம் பூத்திட்டுது."

"கதவைச் சாத்திப்போட்டு உள்ள வாரும் முதல்" என்றாள் மெற்றில்டா.

ஒன்பது பேர் நாலு நாள் இருந்தார்கள். மெற்றில்டா கணக்குப் பார்க்காமல் சாடிகளைத் திறந்தாள். ஊறவைத்த போஞ்சியும் கிழங்கும் பாலில் வெந்தன. உப்பு மீன் பொரிந்தது. காய்ந்த காஞ்சோண்டியைத் தூளாக்கிக் கோதுமை மாவில் குழைத்துப் பச்சை றொட்டி சுட்டாள். பிள்ளைகள் அதில் பிளாக்பெரியைப் பூசிச் சண்டைபிடித்துத் தின்றார்கள். பால் கொடுக்கிற பியற்றிஸுக்கு மீன் குழம்பு தனியாகக் கொதித்தது. "இதெல்லாம் எங்க வாங்கினது, மச்சான்?" என்று சவிரிமுத்து கேட்டபோது செபமாலைமுத்து யோசிக்கவில்லை.

"வாங்கேல்லை. பின்வளவிலயும் பூங்கா றோட்டிலயும் மெற்றி சேர்த்தது. உப்பு என்ர வேலை."

அடுப்படியில் நின்ற மெற்றில்டா திரும்பிப் பார்க்கவில்லை. பொரித்த மீனில் பெரிய துண்டை எடுத்து அவருக்கென ஒதுக்கிவைத்தாள்.

அந்த வருடக் கடைசியில் அவருக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை கிடைத்தது. மெற்றில்டா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் மறுபடி தட்டெழுத்துக்குப் போனாள். வேலை வந்த பிறகும் ஐந்து வருடம் தோட்டம் நடந்தது. 1996இல் வீட்டுக்காரர் வீட்டை விற்க, அவர்கள் இல்ஃபோர்ட்டில் மூன்றாம் மாடிக்கு மாறினார்கள். உண்மையைச் சொன்னால் மெற்றில்டாவுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. முதுகு நோகாமல் கடைப் போஞ்சி வாங்கினாள். நிம்மதியிழந்தது செபமாலைமுத்துதான். கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத்துண்டு ஒன்று கேட்டு அவர் சொல்லச் சொல்ல, மெற்றில்டா கடிதத்தைத் தட்டச்சில் அடித்துக் கொடுத்தாள். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்தது.

முதல் நாள் அவர் அங்கே மண்ணைக் கொத்த, அவள் கதிரையொன்றைக் கொண்டுபோய்ப் போட்டு, வெயில் முகத்தில் படும்படி இருந்துகொண்டு தேத்தண்ணி ஊற்றினாள்.

"நீர் ஒண்டும் செய்யேல்லையோ?"

"பிடுங்கிற காலத்துக்குச் சொல்லுங்கோ, வாறன்" என்றாள்.