கேர்ஃப் என்றொரு சொல்

அச்சுவேலியில் நானும் கணவரும் சிறிய தளபாடப் பட்டறை நடத்துகிறோம். புதிதாக வாங்கிய வட்டவாள் மெசினில் ஆங்கில எச்சரிக்கை ஒன்று ஒட்டியிருந்தது. ‘கேர்ஃப்’ மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விளங்கியது. அந்தச் சொல் மட்டும் விளங்கவில்லை.

“இஞ்சாருங்கோ, கேர்ஃப் எண்டால் என்ன?”

“உதைத் தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு காலமும் மரம் அரிஞ்சனான்? நீ பலகையைப் பிடி.”

வேப்பம் பலகை பாதி அறுபட்டதும் வாள் இறுகி அலறியது. மறுகணம் பலகை என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து அவர் முகத்தில் மோதியது. எலும்பு முறிந்த சத்தம் வாளின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. சுழலும் வாள்பக்கம் சரிந்தவரை ஓடிப்போய்ச் சட்டையில் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இருவரும் விழுந்தோம். பற்களும் இரத்தமும் என் மடியில் கொட்டின.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். பேச முடியாதவர், என் போனை வாங்கி எதையோ தேடி நீட்டினார். கேர்ஃப் என்றால், அறுக்கும்போது வாள் மரத்தில் விட்டுச்செல்லும் பிளவு. அது மூடினால் மரம் வாளை இறுக்கும்; வாள் மரத்தைத் திருப்பி எறியும்.

பிறகு அதிலேயே எழுதிக் காட்டினார்: “நீ அப்பவே கேட்டனி.”

அதைச் சொல்லிச் சண்டைபிடிக்கத்தான் நான் காத்திருந்தேன். அவரே சொன்னபிறகு என்னிடம் கோபம் மிஞ்சவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.