கீற்றுத் தெருவில் ஓர் எரியாத வீடு

எரியாத வீடு கட்டுவதில் சுவர் எழுப்புவது சுலபமான வேலை. வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் தொழில்.

மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து மெஷினில் அமுக்கிய கல்லில் சுவர். கம்பி வலையில் சிமெண்ட் பூசி வார்த்த கூரை. சிமெண்ட் நிலை, கடப்பா கல் பரண். தீப்பெட்டியைத் தவிர மரச்சாமான் எதுவும் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை ஆரோவில் பக்கம் சித்தாளாகப் போய்க் கற்றுக்கொண்டவள் நான். நானே மேஸ்திரியாக நின்று கட்டிய முதல் வீடு, மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் அஞ்சலை அக்காவுடையது. போன கோடையில் அடுப்புப் பொறி பறந்து அவருடைய கீற்று வீடு எரிந்துபோனது. கட்டிய புடவையோடு தெருவில் நின்றவர்.

அதே தெருவில் இன்னும் ஒன்பது கீற்று வீடுகள். ஒரு கோடை முழுக்க அஞ்சலை வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று ஒன்பது பேரும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நான் மறுபடி தலையில் கலவைச் சட்டி தூக்கப் போக வேண்டியதுதான். வீடு கட்டியவர்களே, கட்டிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களே, மீதியை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அடுப்பில் ஒரு பரீட்சை

வேலையைத் தொடங்கும் முன் மாதிரிக்கு ஒரு கல் கொடுத்தேன். எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். அஞ்சலை அக்கா அதை, வீடு எரிந்த பிறகு தங்கியிருந்த கொட்டகைக்கு எடுத்துப் போய் விறகு அடுப்பில் மூன்றாவது கல்லாக வைத்து ஒரு வாரம் சமைத்திருக்கிறார். எட்டாம் நாள் கரிபிடித்த கல்லைச் சுமந்துகொண்டு வந்து என் முன்னால் வைத்தார். என் மூன்று வயது மகள் அதைத் தொட்டு முகமெல்லாம் மீசை வரைந்துகொண்டாள். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

"கல்லு நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஒரு நாள் கொழம்புதான் அடி புடிச்சிடுச்சி. அதுக்கும் உன் கல்லுதான் காரணம்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், நீ எதுவும் பேசாத."

ஏழுமலை அண்ணனின் உதவி

அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன், கடலுக்குப் போகிறவர். கரையில் இருக்கும்போது சும்மா இருக்க மாட்டார், அதுதான் பிரச்சினை. புதுக் கல்லுக்கு நாள் தவறாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு நாள் தண்ணீர் லாரி வரவில்லை. கல் காய்கிறதே என்று பரிதாபப்பட்ட மனுஷன், பக்கத்து உப்பளத்து வாய்க்காலில் இருந்து நாலு டிரம் மொண்டு வந்து, குளிர்ந்து போகும் அளவுக்கு ஊற்றிவிட்டார். நாங்கள் யாரும் அப்போது அங்கே இல்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் ஓர் அடுக்குக் கல் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அந்தக் கல்லைச் சுவருக்கு வைத்தால் பொரிந்து உதிரும் என்று மொத்தத்தையும் ஒதுக்கினேன். எங்களோடு வேலை செய்கிற பச்சையம்மா பத்து வருஷம் உப்பளத்தில் வேலை செய்தவள். ஒரு கல்லை நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஏழுமலை அண்ணனிடம் சொன்னாள்:

"முதல் தரம்ணா. நாங்க பாத்தி கட்டி, மிதிச்சி, மாசக்கணக்கா காத்துக் கெடந்தோம். நீ ஒரே ராத்திரில கல்லுல வெளைய வச்சிட்ட."

நிலை வைத்த நாள்

மரத்தில் நிலை வைத்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டினால்தான் எங்கள் பக்கம் வீடு என்றே ஒத்துக்கொள்வார்கள். சிமெண்ட் நிலையைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது. இதற்குப் பொட்டு வைத்தால் ஒட்டுமா, லட்சுமி உள்ளே வருவாளா என்று ஆளுக்கொரு கேள்வி. நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை அக்கா மஞ்சள் கிண்ணத்தோடு முன்னால் வந்தார்.

"கோயில்ல போய்ப் பாருங்க, அம்மனுக்கே கல்லுலதான் நிலை வச்சிருக்குது. அவளே தலைய குனிஞ்சி போய் வர்றா, எனக்கு மட்டும் தேக்கு கேக்குதா?"

எரியாத வீட்டுக்குக் கீற்றுத் தொப்பி

சித்திரை வெயிலில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போனவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். மொட்டை மாடி மேல் புத்தம் புதிய கீற்றுக் கொட்டகை. "குளிர்ச்சிக்கு" என்றார் ஏழுமலை அண்ணன், பெருமையாக. எரியாத வீட்டின் தலையில் விறகு அடுக்கி வைத்தது போல இருந்தது. ஒன்பது வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படியும் கீற்றுதான் போடணும் என்றால் கீழே இருக்கிற வீடு எதற்கு என்று ஒருவர் கேட்டும்விட்டார்.

சண்டை போட்டால் ஏழுமலை அண்ணன் இன்னும் இரண்டு கட்டு கீற்று ஏற்றுவார் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டு, பின் அறைக்கு மேல் இருந்த பாதிக் கீற்றைப் பிரித்து, அந்தப் பாதி மாடிக்கு மட்டும், வெயிலைத் திருப்பி அனுப்ப, கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தேன். காலையில் கரைக்கு வந்து, மத்தியானம் தூங்குகிறவர் அவர். முதல் நாள் பிடிவாதமாகக் கீற்றுக்குக் கீழே முன் அறையில் படுத்தார். இரண்டாம் நாள் பாயைக் கதவுப் பக்கம் நகர்த்தினார். மூன்றாம் நாள் நான் போனபோது பின் அறையில் குறட்டை. பச்சையம்மா வேண்டுமென்றே வாளியைக் கீழே போட்டாள். எழுந்து எங்களைப் பார்த்தார்.

"முன்னாடி ஈ தொல்லைம்மா, அதான் இங்க வந்தேன். சுண்ணாம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மீதிப் பாதிக்கு எப்ப அடிக்கப் போற?"

வாணம் விழுந்த சாயங்காலம்

மீதிக் கீற்றும் இறங்கிப் பத்து நாள் இருக்கும். அம்மன் ஊர்வலம் தெருவுக்குள் வந்தபோது, பையன்கள் விட்ட வாணம் ஒன்று சாய்ந்து, நேராக அஞ்சலை அக்கா மாடியில் போய் விழுந்தது. மேளம் நின்றுவிட்டது. எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அக்காவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. மாடியில் வாணம் சீறிச் சுற்றி, புகைந்து, தானாகவே அடங்கிப்போனது. ஏறிப் பார்த்தால் சுண்ணாம்பில் ஒரு கறுப்புத் தீற்றல், அவ்வளவுதான். அக்கா அங்கேயே உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் அழுதார், பிறகு கறுப்பைத் துடைக்க ஈரத்துணி கேட்டார்.

மறுநாள் விடிந்ததும், அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, அக்காவின் எதிர்வீட்டு மங்கை, என் வாசலில் நின்றாள். நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வாணத்தைப் பற்றியும் இல்லை.

"அடுத்தது எங்க வீடுதான், சொல்லிட்டேன். ஆனா ஜன்னல் மட்டும் அஞ்சலை வீட்டுத விட ரெண்டு அங்குலம் பெருசா இருக்கணும்."

நெருப்புக்குப் பயந்து கட்டியவர் அஞ்சலை அக்கா ஒருவர்தான், இப்போது மற்ற வீடுகளெல்லாம் ஒன்றைவிட ஒன்று பெரிய ஜன்னலுக்காகவே எழும்பிக்கொண்டிருக்கின்றன, எதற்காகக் கட்டினால் என்ன, சுவர் எரியாது.